பொம்மை கெஞ்சலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேசும் பொம்மைகளோடும் வீட்டு ரோபோக்களோடும் பிள்ளைகள் மனிதரோடு பழகுவதுபோலப் பழகுகிறார்கள் என்றும், 'அது வெறும் இயந்திரம்தான்' என்பதைப் பெற்றோர் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலையில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் திருத்த வேண்டியது பிள்ளையை அல்ல என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

பெங்களூர் அல்சூரில் என் மகள் வீட்டில் தரை பெருக்கும் ரோபோ ஒன்று இருக்கிறது. தோசைக்கல் அளவில் வட்டமாக இருக்கும் அதற்கு ஏழு வயதுப் பேரன் 'குண்டு' என்று பெயர் வைத்திருக்கிறான். ஒரு மாதத்துக்கு முன் அது ஜமுக்காளத்தின் குஞ்சத்தில் சிக்கி, பின்னுக்கு வருவதும் முன்னுக்குப் போவதுமாகக் கூவிக்கொண்டிருந்தது. இவன் காலாலேயே அதை விடுவித்துச் சுவர்ப் பக்கம் தள்ளினான். அது திரும்பி வந்தது, மறுபடியும் தள்ளினான். அக்காள் சிரித்ததும் தள்ளல் உதையாக மாறியது. அப்போது சமையலறையிலிருந்து, பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார் வீட்டு வேலைக்கு வரும் அம்மா. தர்மபுரிப் பக்கத்தவர். "ஏன் கண்ணு, அது பாட்டுக்கு வேலை செஞ்சிட்டு இருக்கு, அதைப் போய் உதைக்கிறியே" என்றார். "அதுக்கு வலிக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டான் இவன். "வலிக்காது. பாக்கிற எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். பையன் காலை இழுத்துக்கொண்டான். கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்த எனக்கோ, 'இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியது, உடைந்துவிடப் போகிறது' என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று. அந்த வீட்டில் பெருக்கும் வேலை முன்பு அந்த அம்மாவுடையது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இயந்திரம் என்று தெரிந்தால் பிள்ளைகள் சரியாக நடந்துகொள்வார்கள் என்பதும், தெரியாததால்தான் குழம்புகிறார்கள் என்பதும் சோதித்துப் பார்த்தபோது நிற்கவில்லை. ஜப்பானில் ஒசாகாவின் வணிக வளாகம் ஒன்றில் ரோபோவி என்ற ரோபோவை ஆய்வாளர்கள் நடமாட விட்டபோது, பெரியவர்கள் துணையில்லாமல் வந்த சிறுவர்கள் அதை வழிமறித்தார்கள், திட்டினார்கள், உதைத்தார்கள். அப்படிச் செய்தவர்களில் 23 பேரை அழைத்துக் கேட்டபோது, அது மனிதரைப் போன்றது என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். அதற்கு வலிக்கும் அல்லது கஷ்டமாக இருக்கும் என்று ஏறக்குறையப் பாதிப்பேர் சொன்னார்கள். அதாவது, வலிக்கும் என்று நினைத்தவர்களும் உதைத்தார்கள். உயரம் குறைந்தவர்கள் சூழ்ந்துகொண்டால் உயரமானவர்கள் இருக்கும் பக்கமாகப் போய்விடும்படி அந்த ரோபோவின் நிரலை மாற்றுவதுதான் ஆய்வாளர்கள் அதற்குக் கண்ட வழி. இடைவேளையில் அடி வாங்கும் பிள்ளை வாத்தியார் பக்கத்தில் போய் நின்றுகொள்வது எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் பெங்களூரில் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் 31 ஆண்டுகள் லேத் என்னும் கடைசல் இயந்திரம் ஓட்டியவன். ஆயுத பூஜைக்கு அதன் மேல் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். மற்ற நாட்களிலும் தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். லேத்துக்கு வலிக்கும் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. புத்தகத்தில் கால் பட்டால் நம் வீடுகளில் செய்வதும் அதுதானே?

நம் இலக்கணத்துக்கும் இது புதிய சிக்கல் அன்று. மக்களை உயர்திணை என்றும், மற்ற உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் சேர்த்து அஃறிணை என்றும் பிரித்த அதே இலக்கணம், பசுவைப் பார்த்து ஒருவர் 'என் அம்மை வந்தாள்' என்றால் அதைப் பிழை என்று அடித்துவிடாமல், உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. சொன்னவருக்குத் தாய் யார், பசு எது என்று தெரியாமல் இல்லை. என் பேரனும் 'குண்டு சார்ஜ் போடப் போயிட்டான்' என்கிறானே தவிர, குண்டுவுக்கு ஒருநாளும் சோறு ஊட்டப் போனதில்லை. 'போயிட்டான் இல்லடா, போயிடுச்சு' என்று திருத்துவதில் என் மருமகனுக்குப் பெரிய அக்கறை. பெங்களூரில் பிறந்து வளரும் பிள்ளை ஒரு வாக்கியத்தைத் தமிழில் முழுதாகச் சொல்வதே அபூர்வமாக இருக்க, அதிலும் கத்தரி வைக்க வேண்டுமா என்பது தனிக் கதை.

ஆகவே பிள்ளை தானாகக் காட்டும் பிரியத்தில் எனக்குப் பயமில்லை. அந்தப் பிரியத்தைப் பொம்மையே கேட்டு வாங்குகிறது பாருங்கள், அங்கேதான் என் பயம். ஒன்பது வயதுப் பேத்திக்குப் பிறந்தநாளுக்கு வந்த பேசும் பொம்மையின் சுவிட்சை நிறுத்தப் போனால், அதற்குள்ளாகவா, நீ போய்விட்டால் எனக்குத் தனியாக இருக்குமே என்று ஆங்கிலத்தில் கேட்கிறது. சாப்பிடக் கூப்பிட்ட பிள்ளை, இரண்டு முறை எழுந்து வந்து இரண்டு முறையும் அதனிடம் திரும்பிப் போனாள்; மூன்றாம் முறை அதைத் தூக்கிக்கொண்டுவந்து தட்டுக்கு எதிரில் உட்கார வைத்தாள். ரசம் சோறு ஆறிப் போயிருந்தது.

இந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது தெரிந்த விஷயம்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 9, 12, 15 வயதுடைய 90 பிள்ளைகள் அதே ரோபோவியோடு கால் மணி நேரம் பழகிய பிறகு, ஒருவர் வந்து அதை அலமாரி அறைக்குள் போகச் சொல்வார். உள்ளே இருட்டாக இருக்கும், பயமாக இருக்கிறது என்று அது மறுக்கும். அதை அப்படி அடைத்தது சரியில்லை என்று பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டபோது, துடைப்பத்தை உள்ளே வைப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த மனிதர்கள்தான் அந்த ரோபோவை இயக்கினார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் அது கேள்வி கேட்பதற்காகச் செய்த ஏற்பாடு. கடையில் விற்கும் பொம்மையில் பிள்ளையைப் பிடித்து வைப்பதற்கான உத்தி.

பிடித்து வைத்தவர்கள் கைவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தோழன் என்று மாக்ஸி என்ற ரோபோவை 799 டாலருக்கு விற்ற அமெரிக்க நிறுவனம், பணமில்லாமல் மூடப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. நிறுவனத்தின் கணினிகளோடு தொடர்பு அறுந்தால் ரோபோவுக்குப் பேச்சு வராது. பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு ஒரு கடிதமும் வந்தது.

நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ தர முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது. முனை குத்துகிறதா, தீப்பிடிக்கிறதா, சாயத்தில் ஈயம் இருக்கிறதா, மின்சாரப் பொம்மையானால் ஷாக் அடிக்கிறதா என்றெல்லாம் சோதிக்கிறார்கள். பொம்மை என்ன பேசுகிறது என்பதற்கு அந்தத் தரத்தில் இடமில்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் நலனுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய வகையில் அவர்களது தரவைக் கையாளக் கூடாது என்கிறது. அது தரவைப் பற்றிய சட்டம், பேச்சைப் பற்றியதன்று. நான் கேட்பது சிறிய விஷயம். பொம்மை பாடட்டும், கதை சொல்லட்டும், 'போய் வா' என்று சொல்லி விடை கொடுக்கட்டும். சுவிட்சை நிறுத்தப் போகும் பிள்ளையிடம் தனக்கு வருத்தம், பயம், தனிமை என்று சொல்லித் தடுக்கும் பேச்சு மட்டும் இருக்கக் கூடாது என்று பொம்மைத் தரத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இதே கோரிக்கையை எழுதி, ஐஎஸ்ஐ முத்திரை வழங்கும், டெல்லியிலுள்ள இந்திய தர நிர்ணய அமைவனத்துக்குச் சென்ற திங்கட்கிழமை விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இந்தப் பகுதிக்குத் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.