இருக்கம் தீவு அண்ணனுக்கு

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணனுக்கு,

வணக்கம். பொங்கல் கழிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கத்தில் இருக்கும் உங்கள் தீவுக்கு வந்த கும்மிடிப்பூண்டி டீச்சர் எழுதுகிறேன். உங்கள் நண்டு வலையைக் கிழித்த படகில் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான்தான். அன்று கரையில் நின்று ‘தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னேன். அது உண்மை அல்ல. உண்மையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் மகள் கைப்பேசியில் படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

ஆரம்பாக்கம் சோதனைச் சாவடியைத் தாண்டி, பீமுனிவாரிபாளையம் துறையில் காலை ஏழு மணிக்கெல்லாம் படகேறிவிட்டோம். பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி என்றும், அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது என்றும் வகுப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லாத தண்ணீரில் இன்ஜினைத் தூக்கிவிட்டு, கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். பாதித் தொலைவில் பூநாரைக் கூட்டம் ஒன்று தெரிந்தது. படகோட்டித் தம்பி, ‘அந்தப் பக்கம் வலை கட்டியிருக்காங்கம்மா, வேணாம்’ என்று தெளிவாகச் சொன்னார். ‘கொஞ்சம் கிட்டே போப்பா, ஒரே ஒரு படம்’ என்று வற்புறுத்தியவள் நான். அவர் மறுக்க முடியாமல் திருப்பினார்; விசிறியில் ஏதோ சுற்றி இன்ஜின் நின்றது. ஆகையால் தயவுசெய்து அந்தத் தம்பியின்மேல் வருத்தம் வைக்காதீர்கள்.

பூநாரைகள் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரைச் சலித்துத் தின்றுகொண்டிருந்தன. நாங்கள் நெருங்கியதும் அத்தனையும் எழுந்து போய்விட்டன. ‘அதுக்கு அதான் தீனி நேரம், கிளப்பிவிட்டா அன்னிக்குப் பாதி வயிறுதான்’ என்று பிறகு நீங்கள் சொன்னபோது, பறவைகளைப் பார்க்க ஆசைப்பட்டு வந்த எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

கரையேறியதும் கிழிந்த வலை உங்களுடையது என்று தெரிந்தது. நீங்கள் கோபப்படவில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து, வலையை விரித்து, ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தீர்கள். நூல் சுற்றிய ஊசியை எடுப்பதற்கு முன் கத்தியை எடுத்தீர்கள். கிழிசலைச் சுற்றி நல்லபடியாக இருந்த கண்ணிகளையும் நீங்கள் அறுத்தபோது, ‘ஐயோ, அது ஏன் அண்ணே?’ என்று கேட்டுவிட்டேன். ஒரு முடிச்சில் மூன்று நூல்கால் மிஞ்சும் இடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும், மூன்று கால் உள்ள இடத்தில்தான் கொண்டுபோய் முடிக்கவேண்டும், நடுவில் தொங்கும் நூலையெல்லாம் கழித்துவிடாவிட்டால் கண்ணி கோணிக்கொள்ளும் என்று விளக்கினீர்கள். கையகலக் கிழிசல் முழம் அகலம் ஆயிற்று. பிறகு மூங்கில் பட்டையில் நூலைச் சுற்றி இழுத்து, பெருவிரலால் அழுத்தி, முடிச்சுப் போட்டு, அடுத்தது. ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவு. வெயில் நிழலைத் தள்ளிக்கொண்டு போக, நீங்களும் நிழலோடு இரண்டு முறை நகர்ந்து உட்கார்ந்தீர்கள். அண்ணி சோறு போட்டு, புளி கூட்டிக் கொதிக்கவைத்த மடவைக் குழம்பை ஊற்றி எங்களைச் சாப்பிடவைத்தார்கள். நீங்கள் கடைசியாகத்தான் எழுந்து கை கழுவினீர்கள்.

பணம் நீட்டியபோது, ‘நூலுக்கு வாங்கிக்கிறேன், மத்தது வேணாம்’ என்றீர்கள். இதைத்தான் வீட்டுக்கு வந்த பிறகும் என்னால் விட முடியவில்லை. என் அம்மா பிறந்த பழவேற்காட்டுப் பக்கத்தில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் பிடிக்கும் இடங்களுக்குத் தலைக்கட்டுவாரியாக, அதாவது குடும்பவாரியாக, சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று ஊர் கூடி முடிவுசெய்வார்கள். தன் முறை நாளில் வலை கிழிந்தால் அந்த நாள் போனது போனதுதான், திரும்ப வராது என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் வலைக்கு எந்தக் கணக்கோ, ஆனால் அன்றிரவு அது தண்ணீரில் இறங்கவில்லை. நூலின் விலையில் அந்த இரவு அடங்காது.

சாயங்காலம் துறையில் நின்று தெற்கே தமிழ்நாட்டுப் பக்கம் கைகாட்டி, ‘அங்க முகத்துவாரம் தூர்ந்துபோனா இங்க உலை கொதிக்காதும்மா’ என்று சொன்னீர்களே, அதை மறுநாளே வகுப்பில் சொன்னேன். இறால் கடலில் முட்டையிடுகிறது, குஞ்சுகள் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன, மணல் அந்த வாயை அடைத்துவிட்டால் ஏரிக்குள் வரவேண்டியவை கடலோடு நின்றுவிடுகின்றன என்று படம் போட்டுக் காட்டினேன். ஒரு மாணவி, ‘அப்போ தமிழ்நாட்டுல மணல் அடைச்சா ஆந்திராவுல பட்டினியா மிஸ்?’ என்று கேட்டாள். நான் சொன்னதைவிட அவள் கேட்டது சரியாக இருந்தது. தமிழ் பேசிக்கொண்டு ஆந்திர அட்டை வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் இந்தக் கேள்வியை யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

அன்று எடுத்த பூநாரைப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். நீங்கள் முடிச்சுப் போடும் கையை எடுத்த படம் மட்டும் இருக்கிறது. உங்கள் மகள் சம்மதித்தால் அச்சிட்டுக் கொண்டுவருகிறேன்.

கோடையில் தண்ணீர் வற்றிப் படகு தட்டுவதற்குள், மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வருகிறேன். நண்டு வலைக்கான நைலான் நூல் வாங்கி வர விரும்புகிறேன், மறுக்காதீர்கள். கடைக்காரர் இரண்டு பிரி நூலா, மூன்று பிரி நூலா என்று கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளிடம் சொல்லி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கும்மிடிப்பூண்டி டீச்சர்