சீசால்ட்டரில் தின்ற மீன்

அன்புள்ள கண்ணா,

வங்கி வேலையை விட்டுவிட்டுச் சமையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, "முப்பத்திரண்டு வயதில் அடுப்படியா?" என்று கேட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

சனிக்கிழமை அப்பாவும் நானும் இங்கிலாந்தின் கென்ட்டில், கடலோரச் சீசால்ட்டருக்குப் போனோம். நீ அடிக்கடி சொல்வாயே, 'தி ஸ்போர்ட்ஸ்மேன்' பப், அங்கேதான். விட்ஸ்டபிள் ஸ்டேஷனிலிருந்து டாக்சி. ஒரு பக்கம் சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் கடல் தடுப்புக் கரை, நடுவில் ஒற்றையாக அந்தக் கட்டடம். 1642 முதலே அங்கே சத்திரம் உண்டாம். அதற்கும் முன்னால், 1086-இல் அரசர் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டிலேயே சீசால்ட்டர் கேண்டர்பரி பேராலயத்துச் சமையலறைக்கு உரிய ஊராம். ஒரு ஊரே சமையலறைக்குச் சொந்தம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

கடற்பாசி வெண்ணெயில் சுட்ட மீன் கேட்டோம். நம் மாந்தல் மாதிரி தட்டையான சின்ன மீன். மசாலா ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வாய் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. அப்பா முள்ளைக்கூட விடவில்லை. வெண்ணெயை அவர்களே கடைகிறார்கள். உப்பையும் வாசலில் இருக்கிற கடல் தண்ணீரைக் காய்ச்சித்தான் எடுக்கிறார்கள். வேதாரண்யத்தில் வெயில் செய்கிற வேலையை அங்கே அடுப்பு செய்கிறது. உப்பளத்திலிருந்து வந்த உன் தாத்தா, கடை உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, "இது எந்த ஊர்த் தண்ணி?" என்று கேட்பார். அவர் நினைவு வந்துவிட்டது எனக்கு.

அப்புறம் அந்தப் பப்பின் சமையல்காரர் ஸ்டீபன் ஹாரிஸ் பற்றித் தெரிந்துகொண்டேன். முதலில் வரலாறு கற்பித்தவர், பிறகு நிதித் துறையில் இருந்தவர். சமையல் பள்ளிக்கே போகவில்லை. லண்டனின் பெரிய உணவகங்களில் சாப்பிட்டு, அதையே வீட்டில் செய்து பார்த்துக் கற்றாராம். இந்தப் பப்பை 1999-இல் எடுத்தபோது அவருக்கும் உன்னைவிட வயது கூடத்தான். 2008-இல், நல்ல உணவகங்களுக்குத் தருகிற மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது.

நீ இதையெல்லாம் என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறாய். நான்தான் காது கொடுக்கவில்லை.

சரி, கையில் ஆறு மாதச் செலவுக்காவது பணம் வைத்துக்கொண்டு வேலையை விடு. அதில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன். பாட்டியின் கல்சட்டி இங்கே பரணில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் லீவில் வந்து எடுத்துக்கொண்டு போ. அன்றைக்கு மீன் குழம்பு நீதான் வைக்க வேண்டும். நான் அடுப்படிப் பக்கமே வரமாட்டேன்.

அன்புடன்,
அம்மா