ஏப்ரல் 2 நிகழ்ச்சி: எல்லாரும் ஒருதடவ முழுசா படிச்சிருங்க

வணக்கம். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் ஏப்ரல் 2, ஐநா 2007ல அறிவிச்சு 2008ல இருந்து நடக்குது, நம்ம நிகழ்ச்சியும் அன்னைக்கேதான். போன வருஷம் கூட்டம் நல்லா வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டோம், ஆனா மைக் சத்தம் தாங்காம ஒரு குழந்தை காத பொத்திக்கிட்டு அழுதுச்சு, அவங்கம்மா பத்து நிமிஷத்துல கூட்டிட்டு கிளம்பிட்டாங்க, யாருக்காக நடத்துறோமோ அவங்களாலயே இருக்க முடியலன்னா என்னங்க பிரயோஜனம், எனக்கு இன்னும் மனசு ஆறல.

அதனால இந்த தடவ அமைதியான ரூம் ஒண்ணு கண்டிப்பா வேணும், லைட் மங்கலா, ஸ்பீக்கர்லேர்ந்து நல்லா தள்ளி. பலூன் வேணாம், வெடிச்சா பயந்துருவாங்க. கைதட்டுறதுக்கு பதிலா ரெண்டு கையையும் தூக்கி ஆட்டலாம். நிகழ்ச்சி வரிசைய படத்தோட முன்னாடியே அனுப்பிடுவோம், அடுத்து என்னன்னு தெரிஞ்சா பதட்டம் குறையும். மேடையில டாக்டர் மட்டும் பேசுனா பத்தாது, ஆட்டிசம் உள்ள பெரியவங்களும் பேசணும், பிளானிங்லயே அவங்கள சேர்த்துக்கணும்.

அப்புறம் தலைய எண்ணுறது மட்டும் மதிப்பீடு இல்ல. உள்ள வரப்பவும் போறப்பவும் அதே அஞ்சு கேள்வி குடுப்போம், பேர் எழுத வேணாம். தடுப்பூசியால ஆட்டிசம் வருமாங்குற கேள்வி கட்டாயம் இருக்கணும், ரெண்டுக்கும் தொடர்பு இருக்கலாம்னு சொன்ன 1998 கட்டுரைய, அத வெளியிட்ட லான்செட்ங்குற மருத்துவ இதழே 2010ல வாபஸ் வாங்கியும் இன்னும் நம்புறவங்க இருக்காங்க. மூணு மாசம் கழிச்சு திரும்ப கேட்டாதான் எது மனசுல நின்னுச்சுன்னு தெரியும்.

குடும்பத்துக்கிட்ட கேக்காம யாரும் போட்டோ போடாதீங்க, ப்ளீஸ். அமைதி ரூம யாரு பாத்துக்குறீங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.