அயோவாவிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் நலம். பனி உருகி ரோடெல்லாம் சேறாகக் கிடக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. ‘ஊராட்சித் தலைவருக்கு நிற்கலாமா என்று யோசிக்கிறேன், அங்கே இந்த மாதிரிப் பதவிக்கு நிற்பவர்கள் என்ன சொல்லி ஓட்டுக் கேட்கிறார்கள் என்று எழுது’ என்றீர்களே, நல்ல சமயத்தில்தான் கேட்டீர்கள். ஜூனில் இங்கே பிரைமரி, அதாவது கட்சிக்குள்ளேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல். கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. எங்களைப் போன்ற விவசாயக் கவுன்டிகளில் ரிபப்ளிகன் கட்சி பிரைமரியில் ஜெயித்தால் பெரும்பாலும் நவம்பர் பொதுத் தேர்தலிலும் ஜெயித்த மாதிரிதான்.

அயோவா மாநிலத்தில் மொத்தம் 99 கவுன்டி. ஒவ்வொன்றையும் சூப்பர்வைசர்கள் என்று மூன்று பேரோ ஐந்து பேரோ நான்கு வருஷத்துக்கு நடத்துகிறார்கள். கலெக்டர் என்று மேலே உட்கார யாரும் கிடையாது, இவர்களேதான் பட்ஜெட் போட்டு வரியையும் முடிவு செய்கிறார்கள்.

போன சனிக்கிழமை ஒரு அம்மா வாசலுக்கு வந்தார், மக்காச்சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி, இந்தத் தடவை நிற்கிறார். நாங்கள் இன்னும் கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை என்றேன். வரி கட்டுகிறீர்கள் இல்லையா, அப்போ படியுங்கள் என்று நோட்டீஸை நீட்டினார். ஒரே தாள்தான். முன்பக்கம் ‘நான் செய்யக்கூடியவை’, பின்பக்கம் ‘என் கையில் இல்லாதவை’. இப்படி ஒரு தேர்தல் நோட்டீஸை நான் எங்குமே பார்த்ததில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன்பக்கம் முக்கால்வாசி பாலம். நம்ப மாட்டீர்கள், அமெரிக்காவிலேயே பழுதான பாலங்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் இது முன்வரிசை. ஒரு மைலுக்கு ஒரு ரோடு என்று கட்டம் கட்டமாக அந்தக் காலத்தில் போட்டுவிட்டார்கள், நடுவில் ஓடை வந்த இடத்திலெல்லாம் ஒரு குட்டிப் பாலம், அதில் பெரும்பாலானவை கவுன்டி பொறுப்பு. தானியம் ஏற்றிய லாரி சட்டப்படி 80,000 பவுண்டு வரை, அதாவது நம் கணக்கில் 36 டன், போகலாம். ஆனால் பாலத்து முனையில் அதில் பாதிகூட வராத எடையைப் போட்டு எச்சரிக்கைப் பலகை நிற்கும். அறுவடை சமயத்தில் ஒவ்வொரு நடைக்கும் சில மைல் சுற்றிப் போக வேண்டும், டீசல் யார் தலையில்? பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அதே பலகைதான். எல்லாப் பாலத்தையும் கட்டித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. பணம் அவ்வளவு இல்லை, போக்குவரத்தே இல்லாத சில பாலங்களை மூடிவிட்டு மீதியைச் சரியாகக் கட்டலாம் என்கிறார். மூடுகிற பாலத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் ஓட்டு நிச்சயம் போச்சு, தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்.

அடுத்தது ஆம்புலன்ஸ். 108 மாதிரி இங்கேயும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்றுதான் வந்த புதிதில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சின்ன ஊர்களில் தன்னார்வலர்கள்தான் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது. 2021-ல் ஒரு சட்டம் வந்தது: கவுன்டி இதை அத்தியாவசிய சேவை என்று அறிவித்து, நூற்றுக்கு 60 பேர் சம்மதித்தால் தனி வரி போடலாம். இந்த அம்மா வாக்கெடுப்பு வைப்பேன் என்கிறார். வரி ஏற்றுவேன் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுக் கேட்க ஒரு தைரியம் வேண்டும்.

சரி, பின்பக்கத்துக்கு வருகிறேன். முதலில் பன்றிப் பண்ணை. மாநிலத்தில் மனிதர்கள் 32 லட்சம், பன்றிகள் 2 கோடிக்கு மேல், காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்திவிடுவோம். பெரிய கொட்டகை கட்ட மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது, 880-க்குக் குறைந்தது 440 எடுக்க வேண்டும். கவுன்டி பரிந்துரை மட்டும்தான் செய்யலாம், முடிவு மாநிலத் துறை கையில். அந்த மதிப்பெண்ணும் 2,500 பன்றியிலிருந்துதான் தொடங்கும், அதனால் பல பேர் 2,499 பன்றிக்குக் கொட்டகை போட்டுவிடுகிறார்கள்! சாமர்த்தியம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

அப்புறம் கார்பன் குழாய். எத்தனால் ஆலைகளிலிருந்து வரும் கரியமில வாயுவை வயல்களுக்கு அடியில் குழாய் போட்டு வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகும் திட்டம். நம் பக்கம் கெயில் எரிவாயுக் குழாய்க்கு நடந்த சண்டையை அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் போட வேண்டும் என்று ஷெல்பி, ஸ்டோரி என்ற இரண்டு கவுன்டிகள் விதி கொண்டுவந்தன, 2023 டிசம்பரில் கோர்ட் அது செல்லாது என்றுவிட்டது. குழாய்க்காக நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதைக் கட்டுப்படுத்த மாநிலச் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவையும் 2025 ஜூனில் கவர்னர் தடுத்துவிட்டார். ஆகவே கவுன்டித் தேர்தலில் நின்று குழாயை நிறுத்துவேன் என்று யார் சொன்னாலும் அது சும்மா பேச்சு. இவர் விசாரணைக்கு வருவேன், உங்களோடு உட்காருவேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் ஒரு இடத்தில் அம்மணி நைசாக நழுவுகிறார். தண்ணீரில் நைட்ரேட். இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் சதுப்பு, அடியில் குழாய் பதித்து நீரை வடித்துத்தான் விவசாயம் நடக்கிறது, போட்ட உரத்தில் ஒரு பங்கு அதே குழாய் வழியாக ஆற்றுக்குப் போய்விடுகிறது. இதையும் ‘என் கையில் இல்லாதவை’யில் போட்டிருக்கிறார். ஆனால் அந்த வடிகால் அமைப்புகள் பலவற்றுக்கு அறங்காவலர்கள் யார்? இதே சூப்பர்வைசர்கள்தான்! 2015-ல் மாநிலத் தலைநகர் டிமொயினின் குடிநீர் நிறுவனம் மூன்று கவுன்டிகளின் சூப்பர்வைசர்கள் மேல் வழக்கே போட்டது. 2017-ல் தள்ளுபடி, வடிகால் அமைப்பு நீரை வடிக்கத்தான், அதன் மேல் இப்படி வழக்குப் போட முடியாது என்ற வாதம் ஜெயித்தது. சட்டப்படி அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் குழாயைப் பழுது பார்க்கக் கையெழுத்துப் போடுகிற கை, உரத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்க ஓடைக்கரையில் புல் வளர்க்கச் சொல்லிப் பேசக்கூடவா முடியாது? கேட்டேன். அக்கம்பக்கத்து விவசாயிகளை நான் பகைத்துக்கொள்ள முடியாது என்று நேராகவே சொன்னார். அதையும் நோட்டீஸில் போட்டிருக்கலாமே என்றதற்குச் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

தாளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், அண்ணியிடம் கொடுத்தால் படித்து விளக்குவார். உங்கள் நோட்டீஸ் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், பின்பக்கம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புத் தங்கை