லயத்தில் கொங்கிரீட் போடாதே, மகள்

அன்பு மகளுக்கு,

தேயிலைத் தோட்டம் வேலையாட்களுக்குக் கட்டிய இந்த வரிசை வீட்டில், லயத்தில், குசினியை உடைத்து, கொங்கிரீட் போட்டு ஒரு அறை கூட்டிக் கட்டுங்கள், காசு அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய். உன் அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தச் சுவரில் ஒரு சதம் போடாதே. அந்தக் காசில் உன் பேரில் ஒரு துண்டுக் காணி வாங்கு.

2009இல் என் ஈபிஎஃப் சேமலாபக் காசு வந்ததும் இஸ்தோப்பை, அந்த முன் விறாந்தையை, மறித்து நீ படிக்க ஓர் அறை எடுத்தேனே, நினைவிருக்கிறதா? ஆறு வரி கல் ஏறியதும் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துக் கட்டடத்தில் அனுமதியில்லாமல் கை வைத்திருக்கிறாய், உடைத்துவிடு என்று. நானே உடைத்தேன். நீ அடுப்புப் புகைக்குள் இருந்துதான் ஓ.எல். சோதனைக்குப் படித்தாய்.

இந்தக் காம்பரா, நாங்கள் இருக்கும் அறை, 10 அடிக்கு 12 அடி. இதில் மூன்று தலைமுறை பிறந்திருக்கிறோம். ஆனாலும் இது வேலையோடு வந்தது, வேலையோடு போகும். அம்மா முழங்கால் வீங்கியும் 60 வயசு வரை மலை ஏறியது கொழுந்துக் காசுக்காக மட்டும் என்றா நினைத்தாய்? நான் வேலையிலிருந்து நின்ற பிறகு செக்ரோலில், தோட்டத்து வேலைப் பதிவில், வீட்டுக்கு ஒரு பேராவது இருக்க வேண்டுமே. இப்போது அந்தப் பேரை உன் அண்ணி சுமக்கிறாள்.

டவுனில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் என்னோடு ஒரே வாங்கில் படித்தவர். அவருக்குத் தகப்பன் விட்டுப்போனது 9 பேர்ச் காணி, ஒரு வீட்டு நிலம். அதன் உறுதியை, அந்த உரிமைப் பத்திரத்தை, வங்கியில் வைத்துக் கடையைப் பெருப்பித்தார். அந்தக் கடனை அடைத்து, மறுபடி வைத்து மகனைக் கட்டாருக்கு அனுப்பினார். உன் அக்கா படிப்புக்கு நானும் அதே வங்கிக்குப் போனேன். உறுதி இருக்கா என்று கேட்டார்கள். சம்பளச் சீட்டைக் காட்டினேன். அதோடு பேச்சு முடிந்தது. அவர் என்னை விடப் பாடுபட்டவர் இல்லை, மகள். இன்றைக்கு அவரை எல்லாரும் முதலாளி என்கிறார்கள். என்னைத் தோட்டத்தான் என்கிறார்கள். அந்த 9 பேர்ச்தான் வித்தியாசம்.

இது என் தலையெழுத்தும் இல்லை. 1935இல் இலங்கையில் வந்த சட்டத்தில் கிராமத்து ஆட்களுக்கு அரச காணி பிரித்துக் கொடுத்தார்கள். 1948இல், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையே போனது. நாடில்லாதவன் எங்கே போய்க் காணி கேட்பான்? 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பெனிகள் கைக்குப் போனது. துரைமார் மாறினார்கள், லயம் மட்டும் அப்படியே நிற்கிறது. 7 பேர்ச் காணியில் தனிவீடு என்று சில தோட்டங்களில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கிடைத்தவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எங்கள் டிவிசனுக்கு இன்னும் வரவில்லை. அதைக் கேட்பதை நான் விடமாட்டேன், நீ அதுவரை காத்திருக்காதே.

காணி கொழும்பில் வேண்டாம், அது உன் சம்பளத்துக்கு எட்டாது. டவுனுக்குக் கிட்ட பஸ் வரும் இடத்தில் 6 பேர்ச் கிடைத்தாலும் போதும். சரிவுக் காணி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்கக் கூடாது. உறுதி எழுத நல்ல நொத்தாரிசாகப் பிடித்து, காணிப் பதிவகத்தில் 30 வருசத்து உரிமையைத் தேடிப் பார்க்கச் சொல். உறுதி உன் பேரில் இருக்கட்டும். என் பேரிலும் வேண்டாம், அண்ணன் பேரிலும் வேண்டாம். நாளைக்கு உன்னைக் கட்டுகிறவர் பேருக்கும் மாற்றாதே. இதில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள்.

எங்களை நினைத்துக் கவலைப்படாதே. ஒழுகுகிற இடத்துக்கு இரண்டு தகரம் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் நீ பேசு, நான் சொன்னால் அழுகிறாள்.

காணி பார்க்கப் போகிற நாளைச் சொல், நானும் வருகிறேன். வீட்டுக்கு இலக்கம் இல்லாததால் உன் கேம்பஸ் கடிதம் ஆபீசில் பதினொரு நாள் கிடந்ததே, அதனால் காணிக் கடதாசி ஒன்றையும் இங்கே தபாலில் அனுப்பாதே. கையோடு கொண்டு வா.

அன்புடன்,
அப்பா