ரத்தத்துக்கு முன்பு காற்றைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களில் மக்களின் ரத்தத்தை எடுத்து மரபணுச் சேதம் பார்க்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்ற பெயரும் அதில் அடிபடுகிறது. கோரிக்கை நியாயமானதே. ஆனால் அரைகுறையாகச் செய்தால், 'ஒன்றுமில்லை' என்று கோப்பை மூடத்தான் அது உதவும்.

உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. 16,569 இணைகளும் 37 மரபணுக்களும் கொண்ட சிறு வளையம் அது. ஓர் உயிரணுவில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். உட்கரு டிஎன்ஏ தன்னைச் சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குக் காப்பான ஹிஸ்டோன் புரதங்கள் இதற்கு இல்லை. புகையிலுள்ள பென்சோபைரீன் உடலுக்குள் மாற்றமடைந்து டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டால், உட்கருவில் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துச் சரிசெய்ய வழியுண்டு; இங்கே அந்த வழி கிடையாது. போதாக்குறைக்கு, ஆக்சிஜனிலிருந்து கேடு செய்யும் மூலக்கூறுகள் உருவாகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இது இருக்கிறது. அதனால்தான் மாசு ஆய்வாளர்கள் இதைத் தேடிப் போகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், மாசு பட்டால் இந்த டிஎன்ஏவின் எண்ணிக்கை எப்போதும் ஒரே பக்கம் நகர்வதில்லை. இத்தாலியில் குறைந்த அளவு பென்சீன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கூடியிருந்தது. பெல்ஜியத்தில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தூசு மிகுந்த காற்றைச் சுவாசித்த பெண்களின் நஞ்சுக்கொடியில் அது குறைந்திருந்தது. சேதத்தை ஈடுகட்ட உயிரணு முதலில் பிரதிகளைப் பெருக்குகிறது, நாள்பட்டால் முடியாமல் போகிறது என்பது ஒரு விளக்கம். ஆகவே 'குறைந்தால் பாதிப்பு, கூடினால் நலம்' என்று படிக்க முடியாது.

அளக்கும் முறையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் கருவி தருவது ஒரு விகிதம்: மேலே மைட்டோகாண்ட்ரியா மரபணு, கீழே உட்கரு மரபணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரை. தட்டணுக்களோ ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. தட்டணுவுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா உண்டு. அதாவது தட்டணு கூடினால் விகிதத்தின் மேல் எண் மட்டும் கூடும். மழை முடிந்து டெங்கு பரவும் நேரத்தில் முகாம் போட்டால், தட்டணு சரிந்தவர்களிடம் விகிதமும் சரிந்து தெரியலாம். அதைத் தூக்கி ஆலையின் கணக்கில் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்தே நிமிடத்தில் உடைத்துவிடுவார். ரத்தம் எடுக்கும் அன்றே ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி சோதனையும் எடுத்து, தட்டணு எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரத்தம் எடுக்க, அது உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ சேர்த்த ஊதா மூடிக் குழாயே சரி. பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பாரின் பிசிஆரையே தடுக்கும். எடுத்ததும் எட்டு, பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வேகமாகக் குலுக்கக் கூடாது. எல்லா மாதிரிக்கும் ஒரே முறையில் டிஎன்ஏ பிரிக்க வேண்டும், முறை மாறினால் விகிதம் மாறும். ஒவ்வொரு மாதிரியையும் பிசிஆர் தட்டின் மூன்று குழிகளில் ஓட்ட வேண்டும். பிசிஆரில் சுற்றுக்குச் சுற்று டிஎன்ஏ இரட்டிப்பதால், ஒரு சுற்று வித்தியாசம் என்றால் இரு மடங்கு, 0.3 சுற்றுப் பிழையே ஏறக்குறைய 23 சதவீதம். மாசினால் வரும் மாற்றமே பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும் என்பதால், துளியை அளந்து விடும் பிப்பெட்டைப் பிடிக்கும் கை நடுங்கினாலும் ஊரே நோயாளியாகிவிடும்.

ஒப்பிட எந்த ஊரை எடுப்பது? பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை, நெய்வேலிப் பக்கம் அனல்மின் நிலையம். இரண்டும் சுத்தமான ஒப்பீடு ஆகாது. வயது, பீடி, விறகடுப்பு, கொசுவர்த்தி, வீட்டருகே குப்பை எரிப்பது ஆகியவற்றையும் வீடுவீடாகக் கேட்டுக் குறித்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் காற்று. 2009 தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 மாசுகள் உள்ளன. பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், பென்சோபைரீனுக்கு 1 நானோகிராம். வாரம் இரண்டு நாள் மாதிரி எடுக்கும் நிலையங்களில் வழக்கமாகப் பார்ப்பது தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு. மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் பென்சீனும் பென்சோபைரீனும் மீதிப் பட்டியலில்தான் இருக்கின்றன. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் உறிஞ்சினால் 24 கனமீட்டர் காற்று வடிதாள் வழியே போகும். காற்று வரம்பளவில் இருந்தால் தாளில் கிடைப்பது வெறும் 24 நானோகிராம் பென்சோபைரீன். எனவே தாளை உடனே அலுமினியத் தாளில் சுற்றி உறைநிலையில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் பென்சோபைரீன் சிதைந்து, காற்று 'சுத்தம்' என்றே அறிக்கை வரும். பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று என்று திசை மாறுவதால் ஆலைகளுக்கு இரு பக்கமும் கருவி வேண்டும்.

ஒரு வேண்டுகோள். இந்த ரத்தச் சோதனை ஊருக்கு ஊர் ஒப்பிட மட்டுமே உதவும்; தனி ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்லாது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

— மூலக்கூறு ஆய்வுக்கூடப் பணியாளர்கள், புதுச்சேரி