2025 ஆண்டறிக்கை: ஆற்றின் மேல் 75 அடி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியாவின் ஆற்றங்கரைப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் இது. நம் ஆண்டறிக்கை வழக்கமாகப் பொங்கல் விழாவில் தொடங்கும். இந்த முறை அப்படித் தொடங்க மனம் ஒப்பவில்லை. பொங்கல் முடிந்த இரண்டே வாரத்தில், ஜனவரி 29 இரவு, வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் பொட்டோமாக் ஆற்றின் மேல் மோதின. இரண்டிலும் இருந்த 67 பேரும் இறந்தனர். கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் பனித்தளச் சறுக்கு நடனப் பயிற்சி முடித்துத் திரும்பிய பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பிப்ரவரிக் கூட்டத்தில் அஞ்சலி செலுத்தியதைத் தவிர வேறு எதையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 11 அன்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்கும் உயரத்தில் 400 அடிக்கும் உள்ளாக நெருங்கியது 15,214 முறை. அதில் 85 முறை இடைவெளி பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது. மோதலுக்கு முந்தைய நாள்கூட ஒரு பயணிகள் விமானம் ஹெலிகாப்டர் காரணமாகத் தரையிறங்காமல் மீண்டும் மேலே ஏறியது. இவை எவையும் விபத்துக்குப் பின் ஊகித்த எண்கள் அல்ல. எல்லாம் ஏற்கெனவே பதிவாகிக் கிடந்தவை. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அதைப் படித்த இரவு நம் குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினேன். விமானங்களைப் பற்றி நாம் பேசியதெல்லாம் இரைச்சல்தான். ஒரே ஒரு இடத்தில், 2023 இலையுதிர்காலக் கூட்டத்தில், என் கையெழுத்திலேயே இப்படி இருக்கிறது: "ஆற்றின் மேல் ஹெலிகாப்டரும் விமானமும் மிக நெருங்கிப் பறந்ததாக உறுப்பினர் ஒருவர் கூறினார். குறித்துக்கொள்ளப்பட்டது." அடுத்த வரி தீபாவளிச் சாப்பாட்டுக் கணக்கு. அந்த உறுப்பினரிடம் ஏப்ரல் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தேன்.

ஜூன் கூட்டத்தை ஜோன்ஸ் பாயின்ட் பூங்காவில் நடத்தினோம். தெற்கிலிருந்து வரும் விமானத்தை 33ஆம் எண் ஓடுபாதைக்குத் திருப்பினால், அது உட்ரோ வில்சன் பாலத்தருகே நேர்வழியை விட்டு விலகி, கிழக்குக் கரைக்கு மேலே போய், பிறகு இடப்பக்கம் திரும்பி ஆற்றைக் கடந்து இறங்கும். ஹெலிகாப்டர்களுக்கான நான்காம் வழித்தடமும் அதே கிழக்குக் கரையோரம்தான். உயர வரம்பு 200 அடி. வரம்பை மீறாமல் பறந்தாலும், இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் நடுவில் மிஞ்சக்கூடியது ஏறத்தாழ 75 அடி என்கிறது வாரியம். ஓய்வுபெற்ற நில அளவையாளரான நம் உறுப்பினர் ஒருவர் 75 அடிக்குக் கயிறு அளந்து புல்லில் நீட்டினார். ஒரு முனையில் அவரும் மறுமுனையில் அவர் பேத்தியும் நின்றார்கள். குரலை உயர்த்தாமலே தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டார்கள். "நம்ம ஊர்த் தென்னை உயரம்தானே இது" என்றார் ஒரு அம்மா. பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை.

மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறதே என்று பலர் கேட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே அது விலகச் சொல்லி ஆணையிடாது. தரை அவ்வளவு அருகில் இருக்கையில் "கீழே இறங்கு" என்று சொல்வதே ஆபத்து. ஆக, அன்றிரவு இடைவெளி காக்கும் பொறுப்பு ஹெலிகாப்டர் குழுவினரின் கண்களிடம் விடப்பட்டிருந்தது. இரவில், நகர விளக்குகளுக்கு நடுவே, எந்த வெளிச்சம் எந்த விமானம் என்று பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை நம் மாடிகளில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

அந்த வழித்தடத்தின் இப்பகுதி மார்ச்சிலேயே நிரந்தரமாக மூடப்பட்டது. ஆனாலும் மே 1 அன்று பென்டகனை நோக்கி வந்த ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றால் இரண்டு விமானங்கள் தரையிறங்குவதைக் கைவிட்டன. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் பென்டகனுக்கும் இடையிலான நேரடித் தொலைபேசி 2022 மார்ச் முதல் வேலை செய்யவில்லை என்பது அதன் பிறகுதான் வெளியே வந்தது. மூன்று ஆண்டுகள்! இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

நெருக்கச் சம்பவங்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்ற தீர்மானத்தைச் செப்டம்பரில் ஒருமனதாக நிறைவேற்றி, நம் தொகுதி உறுப்பினருக்கும் இரு செனட்டர்களுக்கும் அனுப்பினோம்.

தமிழ் வகுப்பு தடையின்றி நடந்தது. தீபாவளி விருந்துக்கு உழைத்த அனைவருக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆற்றின் மேல் நெருங்கிப் பறக்கும் விமானங்களைக் காண்பவர்கள் எழுதுவதற்கென்று ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கிறோம். நாள், நேரம், திசை, பார்த்த இடம் என நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தில், அதை யாருக்கு, என்று அனுப்பினேன் என்பதை நான் எழுதிக் கையொப்பமிடுவேன். இன்று அது வாசலருகே மேசையில் இருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்